நட்டமில்லாத சத்தம்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் ஏதாவது கிடக்கிறதா? சினிமாப் பாட்டு கேசட்டைச் சொல்லவில்லை. ‘தாத்தா பேசியது’, ‘பாப்பா முதல் ரைம்ஸ்’, ‘மஸ்கட்டுக்கு அனுப்பியது’ என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதி ஒட்டியிருப்பார்களே, அந்த மாதிரி. இருந்தால், இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும் அதைத் தொடாதீர்கள். முக்கியமாக, ‘இதெல்லாம் எதுக்கு’ என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். முதல் வருடம் முதல் மாதமே கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போட்டார்கள், ‘பிராஃபிட் அண்ட் லாஸ் அக்கவுன்ட்’. அதிலிருந்து ‘லாஸ்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வலது பக்கமா, இடது பக்கமா என்றுதான் கை போகும். அப்படிப்பட்டவனிடம் ஆபீஸ் தம்பி ஒருவன் வந்து, “சார், நீங்க இன்னுமா எம்பி3 கேக்கறீங்க? லாஸ்லெஸ்ல கேளுங்க சார்” என்றான். நட்டமே இல்லாத வியாபாரம் உலகத்தில் உண்டா என்ன? உட்கார வைத்து விசாரித்தேன்.

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு சி.டி.யில் பாட்டு எப்படி இருக்கிறது தெரியுமா? சத்தத்தை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து, அந்த அளவுகளை நம்பர் நம்பராக எழுதிவைத்திருக்கிறார்கள். நாலு நிமிடப் பாட்டு என்றால் சுமார் 42 எம்.பி. இன்டர்நெட் நத்தையாக ஊர்ந்த காலத்தில் இதை அனுப்புவது நடக்கிற காரியமா? அதனால் எம்பி3 வந்தது. அது ஒரு கறாரான ஆடிட்டர். கணக்கைப் பார்த்து, ‘இந்தச் சத்தம் பக்கத்தில் இருக்கிற பெரிய சத்தத்தில் அமுங்கிவிடும், யாருக்கும் கேட்காது, வெட்டு. இது ரொம்ப மெல்லிசு, வெட்டு’ என்று வெட்டிக்கொண்டே போகும். 42 எம்.பி. பாட்டு 4 எம்.பி.க்கும் கீழே வந்துவிடும். பாட்டு பாட்டாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டியது வெட்டியதுதான். திரும்பி வராது.

லாஸ்லெஸ் என்பது வேறு. ஃப்ளாக் என்று ஒரு வடிவம் 2001-ல் வந்தது. அது எதையும் வெட்டாது. மடித்து வைக்கும், அவ்வளவுதான். 42 எம்.பி. கிட்டத்தட்ட பாதியாகும். பிரித்தால் ஒரு நம்பர்கூடக் குறையாமல் அப்படியே விரியும்.

எங்கள் ஊர்க்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், எம்பி3 கருவாடு. லேசாக இருக்கும், எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், ருசியும் உண்டு. ஆனால் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி மீனாகாது. ஃப்ளாக் என்பது சுருட்டிக் கட்டிவைத்த வலை. நாளைக்கு விரித்தால் ஒரு கண்ணிகூடக் குறைந்திருக்காது.

சரி, வித்தியாசம் காதுக்குத் தெரியுமா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தம்பி ஒரே பாட்டை நல்ல தரத்து எம்பி3-யிலும் ஃப்ளாக்கிலும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று சொல்லச் சொன்னான். பத்துக்கு அஞ்சு சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் அதே மார்க் வந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதே கதிதான். ‘அப்புறம் எதுக்குடா இந்தக் கூத்து?’ என்றேன். அவன் பதில் சொல்லாமல் ஒரு ஆல்பத்தை என் போனில் ஏற்றிக் கொடுத்தான். வயர் வைத்த ஹெட்போனையும் கூடவே கொடுத்தான். ப்ளூடூத்தில் போட்டால் வழியிலேயே மறுபடி வெட்டிவிடும் என்பதால்.

ஆல்பத்தின் பெயர் ‘ஓபஸ்’. வாசித்தவர் ரியூச்சி சகமோட்டோ. ஜப்பான்காரர்.

இவரை உங்களுக்குத் தெரியாது என்று நினைப்பீர்கள். 1978-ல் ஹொசோனோ, தகஹாஷி என்ற இரண்டு பேரோடு சேர்ந்து ‘எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று ஒரு குழு ஆரம்பித்தார். சிந்தசைஸரையும் கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு துள்ள வைக்கிற பாப் இசை. ஜப்பானில் இளவட்டங்கள் பின்னாலேயே அலைந்தார்கள். அதே 1978-ல் அந்த ஹொசோனோ இந்தியாவுக்கு வந்து போன அனுபவத்தை ‘கொச்சின் மூன்’ என்று ஒரு ஆல்பமாகப் போட்டார். அதில் ஒரு உருப்படியின் தலைப்பில் நம் மெட்ராஸ் இருக்கிறது, மெட்ராஸில் இருந்த கான்சல் ஜெனரல் அம்மாவின் பெயரால். அதற்கும் கீபோர்டு வாசித்தவர் சகமோட்டோ.

பிறகு சினிமா. 1983-ல் ‘மெர்ரி கிறிஸ்துமஸ் மிஸ்டர் லாரன்ஸ்’ படத்துக்கு இசையமைத்து, அதில் நடிக்கவும் செய்தார். ‘தி லாஸ்ட் எம்பரர்’ படத்துக்காக 1988-ல் இன்னும் இரண்டு பேரோடு ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டார். 2005-ல் வந்த நோக்கியா 8800 போனின் ரிங்டோன்கள் அவர் போட்டவை. ஆக, அவர் யாரென்று தெரியாமலே அவரைக் கேட்டவர்கள் நம்மூரிலும் இருந்திருப்பார்கள், காஸ்ட்லியான போன் வைத்திருந்த யாரோ ஒருவரின் சட்டைப் பையிலிருந்து.

2014-ல் தொண்டையில் புற்றுநோய். அதிலிருந்து மீண்டார். பிறகு வேறு இடத்தில் வந்தது. முழுக் கச்சேரி செய்கிற தெம்பு உடம்பில் இல்லை. 2022 செப்டம்பரில் டோக்கியோவில், என்.எச்.கே. ஸ்டூடியோவில் ஒரு பியானோவின் முன்னால் உட்கார்ந்து, வாழ்நாள் முழுக்கப் போட்டதிலிருந்து தானே பொறுக்கியெடுத்த 20 உருப்படிகளை, ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தார். அவருடைய மகன் அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். 2023 மார்ச் 28-ல் சகமோட்டோ இறந்துபோனார். வயது 71. படம் அதே வருடம் வெளியானது. ஆல்பம் 2024-ல் வந்தது.

நான் கேட்டேன். எல்லோ மேஜிக் காலத்தில் குதிரைப் பாய்ச்சலில் ஓடிய ஒரு பாட்டை, இதில் கைப்பிடித்து நடக்கிற வயசாளி மாதிரி மெதுவாக வாசிக்கிறார். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அது இல்லை. பியானோவின் பெடலை அழுத்தும்போது கட்டை அசைகிற சத்தம். நாற்காலியில் ஆள் சாய்கிற சத்தம். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் அந்த மனிதர் மூச்சு விடுகிற சத்தம். இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் துடைத்து எடுத்திருக்கலாம். துடைக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறார்கள்.

ராத்திரி ஒன்றரை மணி. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மூச்சுச் சத்தம் எனக்கு வேறு ஒன்றை ஞாபகப்படுத்திவிட்டது. மறுவாரம் ஊருக்கு டிக்கெட் போட்டேன்.

ஊர் கடியப்பட்டணம். நாகர்கோவிலில் இறங்கி, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வள்ளியாறு கடலில் விழுகிற இடம். ஒரு பக்கம் மணவாளக்குறிச்சி, கறுப்பு மணலும் மணல் ஆலையும். இன்னொரு பக்கம் முட்டம், பாறைகளும் லைட் ஹவுஸும். முட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’, 1986-ல் ‘கடலோரக் கவிதைகள்’. இரண்டுக்கும் பாரதிராஜா, இரண்டுக்கும் இளையராஜா. அந்தப் படங்களில் வருகிற கடல்தான் எங்கள் ஊரிலும் அடிக்கிறது.

என் பெரியம்மை மகன், எனக்கு அண்ணன், அந்தப் பாட்டுகளின் சூட்டிலேயே 1988-ல் கரைக்குப் பக்கத்தில் ஒரு கேசட் கடை போட்டான். எட்டுக்குப் பத்து ஷெட். நடுவில் ராஜா மாதிரி ஒரு ஜப்பான் டேப் டெக். வளைகுடாவில் மீன்பிடிக்கப் போன பெரியப்பா பெட்டியில் சுமந்து கொண்டுவந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் தரம் என்பதற்கு இன்னொரு பேர் ஜப்பான். டெக் ஜப்பான், டி.டி.கே. கேசட் ஜப்பான், வாக்மேன் ஜப்பான். நம்ம பாட்டை அவன் பெட்டியில்தான் கேட்டோம். அந்தப் பெட்டியைச் செய்த ஊரிலும் பாட்டு உண்டு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் பாட்டுப் பதிந்து கொடுப்பதில் கறார். கேசட்டிலிருந்து கேசட்டுக்குக் காப்பி அடிக்க மாட்டான். “ஒவ்வொரு காப்பிக்கும் கொஞ்சம் கொஞ்சமா சத்து போவும்டே. ரெக்கார்டுல இருந்து நேரா எடுத்தாத்தான் மணி மாதிரி இருக்கும்” என்பான். லாஸ்லெஸ் என்ற வார்த்தை எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே அவன் அந்தக் கட்சி.

கடையில் பாட்டைவிட முக்கியமான ஒரு வேலையும் நடந்தது. கேசட் கடிதம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மைமாரும், எழுதினால் அழுகை வந்துவிடும் என்கிற பெண்டாட்டிமாரும் சாயங்காலம் வந்து மைக் முன்னால் உட்காருவார்கள். அண்ணன் பட்டனை அமுக்கிவிட்டு வெளியே போய்விடுவான். அரைமணி நேரம் பேசுவார்கள். அந்தக் கேசட் பஹ்ரைனுக்கோ துபாய்க்கோ போகும்.

1991-ல் பெரியம்மை பெரியப்பாவுக்கு அப்படி ஒரு கேசட் அனுப்பினாள். சாளை என்ன விலைக்குப் போனது, கூரைக்கு எத்தனை ஓலை வாங்கினது, என் படிப்பு எப்படி இருக்கிறது, எல்லாம் அதில் உண்டு. பேச்சுக்கு நடுவே மூச்சிரைப்பு. அவளுக்கு இழுப்பு உண்டு. பின்னால் கடல். பெரியப்பா திரும்பி வந்தபோது கேசட்டும் அவர் பெட்டியிலேயே திரும்பி வந்தது. 1996-ல் பெரியம்மை போய்விட்டாள்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நான் அப்போது சென்னையில், பத்திரிகை வேலைக்குப் புதுசு. அண்ணன் குடும்பத்தோடு கோயிலில் இருந்ததால் உயிர் தப்பினான். கடை இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. டெக், ஸ்பீக்கர், சுவர் முழுக்க அடுக்கியிருந்த கேசட், எதுவும் இல்லை. பக்கத்துக் குளச்சல், கொட்டில்பாடு பக்கமெல்லாம் ஆட்களையே கொண்டுபோயிருந்த கடலிடம் கேசட் கடையைக் கேட்டு அழ முடியுமா? அண்ணன் அழவில்லை. அதற்குப் பிறகு கடையும் போடவில்லை. எஞ்சின் வள்ளத்தில் தொழிலுக்குப் போய்விட்டான்.

வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்த பெரியம்மையின் கேசட் மட்டும் நனைந்து பிழைத்தது. அண்ணன் அதைப் பிரித்து, டேப்பை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, வேறு கூட்டில் ஏற்றினான். பாடியது. ஆனால் இரைச்சல்.

“ஒனக்குத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமே, இதக் கொஞ்சம் பாத்துக் குடு” என்று 2006-ல் அதை என்னிடம் கொடுத்தான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன வெட்கக்கேடு.

சென்னைக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். புதுசாகக் கற்றுக்கொண்ட சாஃப்ட்வேர் ஒன்று கையில் இருந்தது. இரைச்சலில் ஒரு துண்டை அதற்குக் காட்டினால் போதும், முழு டேப்பிலும் அந்த மாதிரிச் சத்தத்தைத் தேடித்தேடி நீக்கிவிடும். நீக்கியது. டேப்பின் ‘ஸ்ஸ்ஸ்’ போயிற்று. கூடவே கடலும் போயிற்று. கம்ப்யூட்டருக்கு டேப் இரைச்சலும் கடல் இரைச்சலும் ஒன்றுதான். இரண்டும் இடைவிடாத ‘ஸ்ஸ்ஸ்’. பெரியம்மையின் மூச்சும் அதே வகையில் சேர்ந்துகொண்டது. அதையும் நீக்கியது. எனக்கோ ஒரே பெருமை, ‘எவ்வளவு சுத்தமா இருக்கு பார்!’ என்று. மஸ்கட்டில் இருந்த அக்காவுக்கு மெயிலில் போக வேண்டும் என்பதற்காக, 32 கே.பி.பி.எஸ். எம்பி3-யாக அழுத்தினேன். அரைமணிப் பேச்சு 7 எம்.பி. அண்ணனுக்கும் சி.டி.யில் அதையே போட்டுக் கொடுத்தேன்.

2009-ல் வாடகை வீடு மாறினேன். ‘எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே’ என்று ஒரு அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அந்தக் கேசட் அதில் இருந்தது.

அண்ணன் இரண்டு மூன்று தடவை கேட்டான். “பத்திரமா இருக்குண்ணே” என்றேன். பத்திரிகைக்காரன். பொய் சொல்வதும் கோவையாக வந்தது.

இப்போது புரிகிறதா, ஒரு ஜப்பான்காரரின் மூச்சுச் சத்தம் என்னை ஏன் ராத்திரி ஒன்றரை மணிக்குத் தூங்கவிடாமல் செய்தது என்று?

ஊருக்குப் போய் இறங்கியதும் மைனி டீ போட்டுக் கொடுத்தாள். அண்ணன் வலை பின்னிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. “சத்தமா கூப்பிடுங்க தம்பி. செவி ரெண்டும் எஞ்சின்ல போச்சு” என்றாள் மைனி.

உள்காதில் மெல்லிய மயிர் போன்ற செல்கள் உண்டு. ஓயாத பேரிரைச்சல் முதலில் கொல்வது உச்சஸ்தாயிச் சத்தங்களைப் பிடிக்கிற செல்களைத்தான். செத்தது மறுபடி முளைக்காது. பேச்சு கேட்கும். ஆனால் ‘ஸ’வும் ‘ஷ’வும் நழுவிப் போகும். பதினைந்து இருபது வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வேறென்ன ஆகும்? அந்த ஊரில் ஒரு காலத்தில் டேப் ஹெட் ஒரு நூல் சரிந்தாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தவன் இவன்.

லாஸ்லெஸ் என்று பெரிதாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். யாருக்குக் கொண்டுவந்திருக்கிறேன் பாருங்கள்.

இருந்தாலும் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து ஹெட்போனை அவன் காதில் மாட்டினேன். முதலில் ராஜா. ‘கடலோரக் கவிதைகள்’. நல்ல சி.டி.யிலிருந்து எடுத்த ஃப்ளாக். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு கை தன்னாலே காற்றில் ஏதோ குமிழைத் திருகியது. ட்ரெபிளைக் கூட்டுகிறான். கூட்டினாலும் கேட்காது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அடுத்து ‘ஓபஸ்’ போட்டேன்.

“இது எந்த ஊருடே?”

“ஜப்பான்ணே.”

“ஜப்பானா?” முகம் மலர்ந்தது. “சாமானம் மட்டுந்தான்னு நெனச்சேன்.”

ஐந்தாறு நிமிடம் அசையாமல் கேட்டான். அப்புறம் சொன்னான். “ஆளு கால் வைக்கது கேக்கு. கட்டைய மிதிக்காம்லா?”

பெடல் சத்தம். அது கீழ்ஸ்தாயி. அந்தக் காதுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிற பகுதிக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. பத்துக்கு அஞ்சு மார்க் வாங்கிய நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பியானோக்காரரின் கதையைச் சொன்னேன். 2011-ல் ஜப்பானில் சுனாமி வந்ததல்லவா? மியாகி என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பியானோ கடலில் முங்கிப்போனது. தந்திகள் துருப்பிடித்து, சுரமெல்லாம் விலகி, சில கட்டைகள் எழும்பாமலே போய்விட்டன. சகமோட்டோ அதைத் தேடிப்போய் வாசித்துப் பார்த்தார். முதலில் பிணத்தைத் தொடுகிற மாதிரி இருந்ததாம். நாள் போகப் போக, மனுசன் முறுக்கிக் கட்டிவைத்ததை இயற்கை தன் போக்குக்கு அவிழ்த்துவிட்டிருக்கிறது என்று தோன்றியிருக்கிறது. ரிப்பேர் செய்யாமல் அந்தச் சத்தத்தை அப்படியே தன் ‘அசின்க்’ ஆல்பத்தில் சேர்த்தார். அது 2017-ல் வந்தது. அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றில், மழை பெய்யும்போது தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நின்று, மழை எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பார். வாளிக்கதையைக் கேட்டு மைனி சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

“நன்னாக்க நிக்காம அப்படியே விட்டானா?” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “அம்மைக்க கேசட்டு ஒனக்க கிட்டதானே இருக்கு?” என்று கேட்டான்.

இதற்காகத்தான் வந்திருந்தேன். ஆனாலும் வாய் உடனே வரவில்லை. சொன்னேன். இரைச்சலை நீக்கியது, அழுத்தியது, வீடு மாறியது, அட்டைப்பெட்டி, எல்லாம். அவன் காதுக்குக் கேட்க வேண்டும் என்பதால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். பாவசங்கீர்த்தனத்தைக் கூட்டில் மெதுவாகச் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். இது மைக் செட் வைத்துச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அண்ணன் ஊசியைக் கீழே வைத்தான்.

“நீ சி.டி. கொண்டாந்து தந்த அன்னைக்கே தெரியும் மக்கா. அம்மைக்க சத்தம் இருந்து, கடல காணல. வீட்டுக்குள்ள இருந்து பேசின மாதி இல்ல. ஏதோ ஆஸ்பத்திரில இருந்து பேசின மாதி இருந்து.”

“ஏன்ணே அப்பவே சொல்லல?”

“நீ சந்தோசமா கொண்டாந்த.”

மைனி எழுந்து உள்ளே போய் அண்ணனின் போனை எடுத்துவந்தாள். மகள் அதில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாளாம். என்னுடைய அதே 7 எம்.பி. அண்ணன் வீட்டுக்குள் போய் மேற்கு ஜன்னலைத் திறந்தான். கொக்கியை மாட்டினான். போனை ஜன்னல் திட்டில் வைத்தான்.

“நான் எப்பவும் இங்க வச்சுத்தான் கேப்பேன்” என்றான். “கடல் வந்துரும்.”

பெரியம்மை பேச ஆரம்பித்தாள். சாளை விலை. ஓலைக் கணக்கு. வெளியே பாறையில் அலை அடித்தது. 1991-ல் அடித்த அதே இடத்தில். நான் துடைத்து எடுத்ததை அவன் இத்தனை வருடமாக ஜன்னல் வழியாகத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான். மூச்சு மட்டும் வரவில்லை. அது வராது.

அரைமணி நேரம் முழுக்க மூன்று பேரும் கேட்டோம். என் படிப்பைப் பற்றிப் பெரியம்மை பேசுகிற இடம் வந்தபோது, அண்ணன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். அடியா தட்டா என்று இன்னும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

சரி, இப்போது உங்கள் பரணுக்கு வருவோம்.

அந்தக் கேசட்டை எடுங்கள். அவசரப்பட்டு ஓடவிடாதீர்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் டேப்பே அறுந்துபோகலாம், தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது முதல் பதிவை ஃப்ளாக்கிலோ வேவ் ஃபைலாகவோ வையுங்கள். இடம் கொஞ்சம் கூடப் பிடிக்கும். பிடிக்கட்டும், இன்றைக்கு இடத்துக்கா பஞ்சம்? வாட்ஸப்பில் அனுப்ப எம்பி3 வேண்டுமென்றால் அதிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மீனிலிருந்து கருவாடு எப்போது வேண்டுமானாலும் போடலாம். நமக்கு வித்தியாசம் கேட்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. நாளைக்கு யாருக்கு எது தேவைப்படும் என்று இன்றைக்கு நமக்குத் தெரியாது.

முதல் பதிவில் இரைச்சலை நீக்காதீர்கள். பின்னால் குக்கர் விசில் அடிக்கிறதா? இருக்கட்டும். யாரோ மாடியிலிருந்து கூப்பிடுகிறார்களா? இருக்கட்டும். சுத்தமாக ஒரு காப்பி வேண்டுமென்றால் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். அதற்குப் பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேசட் இல்லையென்றால், அம்மாவோ அப்பாவோ அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். ஃபேனை நிறுத்த வேண்டாம். ஜன்னலைச் சாத்த வேண்டாம்.

நான் சென்னைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், அண்ணன் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து பெரியம்மையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் போனை அவனுக்குத் தெரியாமல் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தேன். பெரியம்மை இருக்கிறாள், கடல் இருக்கிறது, நடுவே மைனி கோழியை விரட்டுகிறாள். 31 நிமிடம். ஃப்ளாக்கில்தான் வைத்திருக்கிறேன். நேற்று ஹெட்போனில் கேட்டேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு மூச்சுச் சத்தம் வருகிறது. அது அண்ணனுடையது.